கொட்டகையில் தங்கிவிட்ட சத்தம்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது என் சம்பந்தி சவேரியம்மா. என் இளைய மகளை அவர்கள் வீட்டில் கட்டிக்கொடுத்த மறு வருஷம், பெரிய வியாழனன்று மத்தியானம், மறுநாள் கோயிலில் ஊற்றுகிற கஞ்சிக்காக நாங்கள் இரண்டு பேரும் சுளகில் பச்சைப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தோம். சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கல் பொறுக்குகிற கையை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் இன்னும் சிலர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னாலும் எல்லாரும் ஒரே இடத்தில் குரலைத் தாழ்த்தினார்கள். அதனால் நான் நம்பினேன்.

கம்பத்துக்கு மேற்கே, குமுளி மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் மந்தைப்பாறை என்று ஒரு ஊர். அங்கே மாதா கோயில் தெருவில் மாவுமில் வைத்திருந்தவர் இன்னாசிமுத்து. மில்லை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு வெள்ளைக் கார். அந்தத் தெருவில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் அந்தக் காரில்தான் புகுந்த வீடு போனார்கள், பிள்ளை பெறப் போனதும் அதில்தான், பெற்ற பிள்ளையைத் துணியில் சுற்றி ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்ததும் அதில்தான். என் சம்பந்தியின் மூத்த மகன் கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் பொறுக்காமல் அதன் பின்சீட்டிலேயே பிறந்தான். அதற்காக இன்னாசி ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. "வண்டிக்கும் ஒரு பிள்ளை பிறந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே சீட்டைக் கழுவினாராம்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குக் கண்ணில் புரை விழுந்தது. எதிரே வருகிற லாரி இரண்டு லாரியாகத் தெரிய ஆரம்பித்ததும், வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணினார்.

கொடுக்கலாம்தான், ஆனால் வண்டிக்குள் கொஞ்ச நாளாகவே ஒரு சத்தம் இருந்தது. ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன வண்டியை விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணினால், எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து, தகர டப்பாவுக்குள் சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கினது போலக் கரகரவென்று வரும். அடியில் தங்கியிருக்கிற ஆயில் மேலே ஏறினதும் நின்றுபோகும். எஞ்சினுக்குள்ளே ஒரு சங்கிலி உண்டாம், டைமிங் செயின் என்பார்களாம். கீழே சுற்றுகிற தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டையும் ஒரே தாளத்தில் பிடித்து வைத்திருப்பது அதுதானாம். வயசான வண்டியில் அது தேய்ந்து, இழுபட்டு, தொய்ந்துபோய்ப் பக்கத்துத் தகட்டில் அடிக்கும். மில்லில் பெல்ட் தொய்ந்தால் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டே கண்டுபிடித்துவிடுகிறவர் இன்னாசி. அவருக்கு இது தெரியாமல் இல்லை. சத்தத்தோடு விற்றால் எடைக்குப் போடுகிற கடைக்காரன்தான் வாங்குவான் என்பதும் தெரியும். இத்தனை மணப்பெண்களை ஏற்றிய வண்டியைச் சுத்தியலால் அடித்துப் பிரித்துத் தராசில் வைப்பார்கள் என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போக வண்டி தேடிக்கொண்டிருந்த மொக்கராசு என்பவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினான். அன்றைக்கு விடியலில் தெருவே பூசைக்குப் போயிருந்தபோது, இன்னாசி மட்டும் போகவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணி, அது கரகரத்து, அடங்கி, சூடாகி, பூனை மாதிரி முனகுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். அவர் மனைவி பெரியநாயகம் பூசை முடிந்து முக்காட்டோடு வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

மொக்கராசுவோடு மெக்கானிக் தவசியும் வந்தான். பானட்டில் கை வைத்ததும் தவசி நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன மில்லுக்காரரே, வண்டி சுடுது?"

"பூசைக்குப் போய்ட்டு இப்பத்தான் வந்தேன்" என்றார் இன்னாசி.

கோயில் இருபது வீடு தள்ளித்தான் இருந்தது. தவசி அதைக் கேட்கவில்லை. ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன் நுனியை எஞ்சினின் முன்மூடியில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டான். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போல ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டான். "சுத்தமாத்தான் இருக்கு. ஆறினதுக்கப்புறம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா நல்லது" என்றான்.

"ஏண்டா, சாமி கும்பிட்டுட்டு வந்த மனுஷன் வாசல்ல உக்காந்து எஞ்சின் ஆறட்டும்னு காத்துக் கிடக்கச் சொல்றியா?" என்று மொக்கராசு அவனை அதட்டிவிட்டு, "தப்பா நெனைக்காதீக மில்லுக்காரய்யா. இவனுக்கு அவுக ஆத்தாமேலயே சந்தேகம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இன்னாசியும் சிரித்தார். வண்டி சத்தமே இல்லாமல் தெருமுனை திரும்பி மலைக்குப் போனது.

மறுநாள் விடியற்காலையில், வெறும் கொட்டகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

சவேரியம்மா அப்போது எழுந்து, காலையில் வழக்கமாகச் சொல்கிற 'அருள் நிறைந்த மரியே'வை ஆரம்பித்திருந்தார். அந்த மந்திரத்தின் முதல் பாதி முடிந்து, 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்று வருகிற பின்பாதி தொடங்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. வண்டி திரும்பி வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார். கொட்டகையில் ஆயில் சொட்டின கறையும், டயர் நின்ற தடமும், நடுவில் இன்னாசியும்தான் இருந்தார்கள். அவர் சத்தம் வந்த இடத்தில், தரைக்கு மேலே இடுப்பு உயரத்தில், ஒரு சிணுங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிறவர் போலக் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்கடுத்த நாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும். மலைமேலே மொக்கராசு எந்த நேரத்துக்கு வண்டியை எடுத்தானோ அந்த நேரத்துக்கு.

முதலில் தெருவில் முணுமுணுத்தார்கள். உபதேசியார் சந்தியாகு, சாமியார் இல்லாத நாளில் செபம் சொல்கிறவர், தீர்த்தம் கொண்டுவந்து தெளித்துப் பார்த்தார். தகரத்தில் விழுந்த தீர்த்தம் வழிந்து போனது, சத்தம் தன் பாட்டுக்கு வந்து தன் பாட்டுக்குப் போனது. பேய் என்றால் பயம் வர வேண்டும், யாருக்கும் பயம் வரவில்லை. தெரிந்த சத்தம்தானே, எல்லாரும் அந்த வண்டியில் ஏறினவர்கள்தானே. "வண்டிய வித்தாரு, சத்தத்த விக்க மனசில்லாம வச்சுக்கிட்டாரு" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். சொல்லிச் சொல்லி அதுவே காரணமாகிப் போனது.

பிறகு அது உபயோகப்பட ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் அலாரக் கடிகாரத்தைத் தூக்கிப் பரணில் போட்டார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை எழுப்ப அம்மாமார்கள் கத்த வேண்டியிருக்கவில்லை. பால்காரி அதைக் கேட்டுத்தான் மாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுகிற ஒரு கைக்குழந்தையை அதன் தாய் கொட்டகை வாசலுக்குத் தூக்கிவந்தாள். சத்தம் வந்ததும் அது அழுகையை நிறுத்தி, கண் சொருகித் தூங்கிப்போனது. அதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், சில நாள் கொட்டகை முன்னால் வரிசை நின்றது. யாரோ கதவில் ஒரு செவ்வந்திச் சரத்தைத் தொங்கவிட்டார்கள். யாரோ தரையில் சாணம் தெளித்து மெழுகினார்கள். மழையில் தகரம் ஒழுகினால் சத்தம் நனையுமே என்று வாலிபர்கள் சேர்ந்து கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். ஊருக்கு வருகிற விருந்தாளிகளிடம், காலையில எங்க சத்தத்தக் கேட்டுட்டுத்தான் போகணும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எங்க சத்தம் என்று சொல்ல ஆரம்பித்த பிறகு, அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் சத்தம் நீண்டுகொண்டே வந்தது. அதை முதலில் கவனித்தது சவேரியம்மாதான். முதலில் பாதி மந்திரத்துக்கு நின்ற சத்தம், தை மாசத்தில் முழு மந்திரத்தையும் தாண்டியது, தபசு காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வருவதற்குள் செபமாலையில் ஒரு பத்து மணியை, மணிக்கு ஒன்றாகப் பத்து மந்திரத்தை, தாண்டியது. "வளருதுடி நம்ம பிள்ள" என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். இன்னாசி மட்டும் நாளுக்கு நாள் ஒடுங்கிப்போனார். சங்கிலி இங்கே வளரவில்லை, அங்கே இழுபடுகிறது என்று அவருக்குத் தெரியும். அந்த வண்டிக்குள் தினமும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து மலை ஏறுகிறார்கள் என்று தெரியும். எச்சரிக்கிறதற்கு இருந்த ஒரே வாயை அவர் வீட்டோடு பிடித்து வைத்திருக்கிறார் என்றும் தெரியும்.

தெரிந்தும் அவர் பேசவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று இருந்தார். நாளைக்கு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள், பேச்சு உள்ளே போய்விடும். மாவு அரைக்கும்போது கல்லை அதிகமாக நெருக்கி மாவைத் தீய்த்தார். பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டு, கோபப்பட்டேன், பூசைக்குத் தாமதமாக வந்தேன் என்று சாமியாரிடம் சின்னச் சின்னப் பாவமாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

ஒருநாள் மத்தியானம் மொக்கராசுவே நேரில் வந்தான். தவசியும் கூட வந்திருந்தான். ஒரு பொட்டலம் ஏலக்காயை இன்னாசியின் கையில் வைத்து, "ஒச்சம்மா குடுத்துவிட்டா, என் வீட்டுக்காரி. அவளும் அதுலதான காய் பறிக்கப் போறா. வண்டியா ஐயா அது! கோயிலுக்குள்ள உக்காந்திருக்க மாதிரி இருக்கு. ஒரு சத்தம் கெடையாது" என்றான்.

தவசி சிரிக்கவில்லை. "அதுதான் எனக்குப் பிடிபடல மில்லுக்காரரே. ஆயில் மாத்தும்போது பாத்தா பொடிப்பொடியா மினுங்குது. உள்ள எதோ தேயுது. ஆனா காதுல ஒண்ணும் விழல. காலையில ஆறின வண்டிய ஸ்டார்ட் பண்ணி, கம்பி வச்சும் கேட்டுட்டேன். சத்தம் இல்லாத எடத்துல நான் எதன்னு கழட்டுவேன்? உங்ககிட்ட இருந்தப்ப எதாச்சும் கேட்டுச்சா?"

பெரியநாயகம் அடுப்படி நிலையில் வந்து நின்றாள். இன்னாசி அவளைப் பார்க்காமல், "காப்பி போடு நாயகம்" என்றார். பிறகு தவசியிடம், "எனக்கொண்ணும் கேட்டதில்லப்பா" என்றார்.

அவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு, பெரியநாயகம் அந்த ஏலக்காயை மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். சமையலுக்கு எடுக்கவில்லை. வீடு முழுக்க ஏலக்காய் வாசம் அடித்துக்கொண்டே இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தபசு காலம் முழுக்க அந்த வாசத்துக்கு நடுவில்தான் அவர்கள் கஞ்சி குடித்தார்கள்.

பெரிய வாரம் வந்தது. பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் மணியடித்தால், அதற்குப் பிறகு சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் கோயில் மணி ஊமை. அந்த நாட்களில் மரக்கட்டையைத் தட்டித்தான் ஜனங்களைக் கூப்பிடுவார்கள். மந்தைப்பாறைக் கோயிலின் கட்டையைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. புதுக் கட்டை செய்ய ஆசாரியிடம் போகலாம் என்று ஒருவர் சொல்ல, "கட்டை எதுக்கு? மரக்கட்ட மாதிரியே கரகரன்னு நம்ம சத்தம் இருக்கே" என்று உபதேசியார் சொன்னார். எல்லாருக்கும் அது சரியென்று பட்டது. பெரிய வெள்ளி விடியலில் கொட்டகை முன்னால் கூடி, சத்தம் கேட்டதும் சிலுவைப்பாதை தொடங்குவது என்று தீர்மானித்து, சுற்றுப்பட்டி ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். சத்தத்துக்கு இடம் கொடுத்த மனுஷனுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து வியாழக்கிழமை செய்கிற சடங்குக்குப் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவராக இன்னாசியின் பேரைப் போட்டார்கள்.

அவர் மாட்டேன் என்றார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் பீடத்துக்கு முன்னால் பெஞ்சில் மற்றவர்களோடு அவரையும் உட்கார வைத்தார்கள். சாமியார் அமலதாஸ் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலாகக் கழுவி, துடைத்து, முத்தமிட்டுக்கொண்டே வந்தார். இன்னாசியின் பித்தவெடிப்புகளில் எல்லாம் மாவு வெள்ளையாக அடைத்திருந்தது. சாமியார் மண்டியிட்டு, அந்தக் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, செம்பைச் சாய்த்தார். தண்ணீர் பட்டதும் இன்னாசி சூடு பட்டவர் போலக் காலை இழுத்துக்கொண்டார். செம்பு உருண்டது.

"வேணாம் சாமி. இந்தக் காலக் கழுவாதீங்க."

"என்னாச்சு இன்னாசி?"

"நான் பூசைக்குப் போனேன்னு சொல்லி வண்டிய வித்தேன் சாமி. போகல. கொட்டகைக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு வண்டியச் சூடாக்குனேன். சத்தம் தெரிஞ்சிரக் கூடாதுன்னு." குரல் கோயில் முழுக்கக் கேட்டது. "அந்தச் சத்தம் நம்மளுது இல்ல. அது அந்தப் பயலோடது. செயின் அறுந்துரப் போகுதுன்னு அவங்கிட்ட கத்த வேண்டிய சத்தம். நம்ம அதக் கேட்டுட்டு காப்பி போடுறோம், பிள்ளையத் தூங்க வைக்கிறோம். அங்க பொம்பளைங்க ஏறிப் போறாக."

சாமியார் மண்டியிட்டபடியே உருண்ட செம்பை எடுத்து மறுபடியும் நிரப்பினார். பிறகு அந்தக் காலை மறுபடியும் பிடித்துக் கழுவி முடித்தார். "பூசை முடிஞ்சதும் போய்ச் சொல்லிரு" என்று காதோடு சொன்னார். அதற்குப் பிறகு நற்கருணை அப்பத்தை இடம் மாற்றி வைத்துவிட்டு, வழக்கப்படி அதன் முன்னால் மௌனமாக உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் அவரோடு யாரும் பேசக் கூடாது.

செல்போன் வராத காலம் அது. மொக்கராசு இருந்த தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், போனே கிடையாது. மலைக்குக் கடைசி பஸ் எட்டரைக்கு இருந்தது. பெரியநாயகம் வீட்டுக்கு ஓடி, ஒரு பையில் அவருடைய வேட்டியையும் துண்டையும் வைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். இன்னாசி பையோடு தெருவில் இறங்கினார். தெருவும் கூடவே இறங்கியது.

"போக வேணாம்னு சொல்லல இன்னாசிண்ணே" என்று உபதேசியார் ஆரம்பித்தார். "போய்த்தான் ஆகணும். ஆனா நாளைக்கு விடிஞ்சு போங்க. சத்தம் கேட்டதும் போங்க. சுத்துப்பட்டி சனமெல்லாம் ட்ராக்டர் பிடிச்சு வருது. நீங்க இப்ப போய்ச் சொல்லிட்டீங்கன்னா அவன் நாளைக்கு வண்டிய எடுக்க மாட்டான். வண்டிய எடுக்கலேன்னா இங்க சத்தம் எப்படி வரும்?"

"பெரிய வெள்ளியன்னைக்கு எல்லார் முன்னாலயும் நம்மள அசிங்கப்படுத்தப் போறீகளா?" என்றார் டீக்கடைக்காரர்.

"இத்தன நாள் ஓடுன வண்டி ஒருநாள் ஓடாதாண்ணே?" இதைக் கேட்டது கைக்குழந்தைக்காரி.

சவேரியம்மா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "நான் ஒண்ணும் சொல்லல சம்பந்தி. செபமாலைய உருட்டிக்கிட்டு நின்னேன்" என்றார்.

பெரியநாயகம் மட்டும், "பஸ் வந்திரும். நடங்க" என்றாள். இன்னாசி தெருமுனை வரைக்கும் போனார். பஸ் மலைக்குத் திரும்புகிற விளக்கு வெளிச்சம் தெரிந்தது, கோளாறான அவர் கண்ணுக்கு இரண்டு பஸ்ஸாகத் தெரிந்திருக்கும். இத்தனை பேர் தடுக்கும்போது நின்றால் அந்தப் பாரம் கொஞ்சம் ஊருக்கும் பிரியும் என்று அவருக்குத் தோன்றியதாம், அதை அவர் வாயாலேயே பிறகு சொன்னார். பையைக் கீழே வைத்தார். இரண்டு பஸ்ஸும் போய்விட்டன. பெரியநாயகம் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

பெரிய வெள்ளி விடியலில் கொட்டகை முன்னால் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். சத்தம் வந்தது. இதுவரைக்கும் இல்லாத கனத்தோடு வந்தது. ஜனங்கள் பழக்கத்தில் செபமாலையை ஆரம்பித்தார்கள். ஒரு பத்து முடிந்தது, சத்தம் நிற்கவில்லை. இரண்டாம் பத்தும் முடிந்தது. வண்டி லயத்திலிருந்து கிளம்பி, தோட்டத்துக் கேட்டில் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஏற்றத்தில் ஏறுவதெல்லாம் அந்தச் சத்தத்தில் தெரிந்தது, வளைவுகளில் இழுப்பதும், மூச்சு வாங்குவதும். கூட்டம் சாமியாடுகிறது போல ஒரே குரலாகச் சொல்லிக்கொண்டு போனது. நாலாம் பத்தில், 'பாவிகளாயிருக்கிற' என்கிற வார்த்தைக்கு நேராக, டக் என்று ஒரு தெறிப்பு. அதோடு சத்தம் நின்றுபோனது.

வெளியூர்க்காரர்கள், "என்னா அழகா நின்னுச்சு!" என்றார்கள். மந்தைப்பாறைக்காரர்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முதல் பஸ்ஸில் இன்னாசியும் பெரியநாயகமும் போனார்கள். ஒன்பதாவது வளைவில் வண்டி நின்றது. செயின் அறுந்து எஞ்சின் செத்ததும், வண்டி ஏற்றத்தில் பின்னுக்கு நழுவியிருக்கிறது. பெண்கள் அலறிக் குதித்திருக்கிறார்கள். ஒச்சம்மா காலடியில் எப்போதும் கிடக்கிற கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கிறாள். கல் நின்றது. வண்டி நின்றது. அவள் கையை எடுக்கிறதற்குள் சக்கரம் அதன்மேல் ஏறி நின்றுவிட்டது. மற்ற ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒச்சம்மாவின் வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்கள் போயின. ஏலக்காய் பறிப்பது விரல்நுனி வேலை.

இன்னாசி மொக்கராசுவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னார். மொக்கராசு அடிக்கக் கை ஓங்கினான். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தான். தவசி முன்மூடியைக் கழற்றி, கணு கணுவாக அறுந்து கிடந்த சங்கிலியை வெளியே இழுத்தான்.

"கேட்டனே மில்லுக்காரரே. எதாச்சும் கேட்டுச்சான்னு கேட்டனே" என்றான். "நானும்தான். சத்தத்தையே நம்பிட்டேன். மேல மூடியக் கழட்டிட்டு புல்லியக் கையால முன்ன பின்ன ஆட்டிப் பாத்திருந்தா, எவ்வளவு தொய்வுன்னு கண்ணுலயே தெரிஞ்சிருக்கும். ஆட்டிப் பாக்கல."

மறுநாளிலிருந்து கொட்டகையில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தெரு முழுக்க அதே நேரத்துக்கு விழித்துக்கொண்டது. விழித்து, விளக்குப் போடாமல், படுத்தபடியே காத்திருந்தார்கள்.

கை ஆறுகிற வரைக்கும் ஒச்சம்மாவையும் மொக்கராசுவையும் இன்னாசி தன் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறேன் என்று மன்றாடினார். அவள் வரவில்லை. வைகாசியில் ஒருநாள் கட்டுப் பிரித்த பிறகு, தானாகவே பஸ் ஏறி வந்து இறங்கினாள். மெலிந்த, கறுத்த பெண். முந்தானையால் கையை மூடியிருந்தாள். இன்னாசி வீட்டுக்குள் போகவில்லை. "அது எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். கொட்டகையைக் காட்டினார்கள். உள்ளே போய், வண்டி நின்ற தடத்துக்கு நடுவில், மெழுகின தரையில் உட்கார்ந்தாள். கதவில் காய்ந்து தொங்கிய செவ்வந்திச் சரத்தைப் பார்த்தாள். மேலே பளபளத்த புதுத் தகரத்தைப் பார்த்தாள். தெரு பெண்கள் எல்லாரும் வந்து வாசலில் நின்றார்கள். ஆண்கள் அவர்களுக்குப் பின்னால்.

"ரொம்ப உபயோகமா இருந்துச்சாமே" என்றாள்.

வாசலில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். அவளே மறுபடியும் கேட்டாள்.

"மொதல்ல வந்தப்ப எவ்வளவு நேரம் கேட்டுச்சு?"

எப்படிச் சொல்வது? கடிகாரம் வைத்து யாரும் பார்த்ததில்லை. சவேரியம்மா முன்னால் போய் மண்டியிட்டு, பாதி மந்திரத்தைச் சொல்லி நிறுத்தி, "இவ்வளவு நேரம் தாயி" என்றார்.

"அதுக்கப்புறம்?"

பால்காரி மண்டியிட்டு முழு மந்திரத்தையும் சொன்னாள்.

"அதுக்கப்புறம்?"

கைக்குழந்தைக்காரி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, ஒரு பத்து மணியைச் சொன்னாள். நடுவில் எத்தனையாவது மணி என்று அவளுக்குத் தவறிப்போனது. பக்கத்தில் நின்றவள் எடுத்துச் சொன்னாள்.

"கடைசியா? அன்னைக்குக் காலையில?"

தெரு முழுக்க மண்டியிட்டது. உபதேசியார், டீக்கடைக்காரர், கூரைக்குத் தகரம் போட்ட வாலிபர்கள், பையைக் கையில் கொடுத்த பெரியநாயகம், பையைக் கீழே வைத்த இன்னாசி, எல்லாரும். ஒரு பத்து சொன்னார்கள். இரண்டாம் பத்து சொன்னார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் வேகமாகச் சொல்லத் துணியவில்லை, யாரும் நடுவில் நிறுத்தத் துணியவில்லை. ஒச்சம்மா அந்த மந்திரம் ஒன்றும் தெரியாதவள், அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் பத்து முடிந்தது. நாலாம் பத்தில் அந்த வார்த்தைக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே எல்லா வாயும் ஒன்றாக நின்றது.

ஒச்சம்மா கொஞ்ச நேரம் அந்த அமைதியையும் கேட்டாள். பிறகு அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரமுமா கேட்டுக்கிட்டே இருந்தீக?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்போம், தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டாள் என்றார் சவேரியம்மா. சொல்லிவிட்டு, பொறுக்கின பயறையே மறுபடியும் பொறுக்க ஆரம்பித்தார்.

இதைப் படிக்கிறவர்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பழைய வண்டி ஏதாவது விற்கப் போகிறீர்கள் என்றால், வாங்குகிறவர் வந்து நிற்கிற வரைக்கும் அதை ஸ்டார்ட் பண்ணாமல், ஆறினபடியே விட்டுவையுங்கள்.